கழுத்தில் கதிர்வீச்சு சிகிச்சை பெற்றவரா? மூளைக்குச் செல்லும் ரத்தக் குழாயையும் கவனியுங்கள்

மூக்கின் பின்பகுதி, வாய், தொண்டை, குரல்வளை ஆகிய இடங்களில் வந்த புற்றுநோயைக் கதிர்வீச்சு சிகிச்சையால் வென்று, பத்து பதினைந்து ஆண்டுகளாக நலமாக வாழ்ந்து வருவோர் சிங்கப்பூரில் பலர் உள்ளனர். புற்றுநோய் மருத்துவரைப் பார்க்கும் நாள்கள் ஆண்டுக்கு ஒன்றாகக் குறைந்து, பலருக்கு அதுவும் நின்றுபோயிருக்கும். “அந்த நோய் போய்விட்டது” என்று குடும்பமும் நிம்மதி அடைந்திருக்கும்.

அந்த நிம்மதியான ஆண்டுகளில்தான் சிலருக்கு வேறொரு பிரச்சினை சத்தமின்றி வளர்கிறது. கழுத்தின் இருபுறமும் மூளைக்கு ரத்தம் கொண்டுசெல்லும் பெரிய குழாய்கள், அன்று பட்ட கதிரின் பின்விளைவாக மெல்லச் சுருங்குகின்றன. வலி இருக்காது. வீக்கம் தெரியாது. சிலருக்கு முதல் அறிகுறியே பக்கவாதமாக இருக்கலாம்.

இது புற்றுநோய் திரும்பி வருவது அன்று. கதிர்வீச்சு சிகிச்சை பெற்ற எல்லாருக்கும் வருவதும் அன்று. ஆனால், முன்கூட்டியே தெரிந்தால் பெருமளவு தடுக்கக்கூடியது. அதற்கு முதல் தேவை ஒன்றுதான்: இன்று உங்களுக்கு ரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் மருந்து தரும் மருத்துவருக்கு, அன்று உங்கள் கழுத்தில் கதிர் பட்டது தெரிந்திருக்க வேண்டும்.

கழுத்தில் ஓடும் இரு குழாய்கள்

இதயத்திலிருந்து ரத்தத்தை வெளியே கொண்டுசெல்லும் குழாய்க்குத் தமனி என்று பெயர். கழுத்தின் வலப்பக்கம் ஒன்றும் இடப்பக்கம் ஒன்றுமாக மேலேறும் தமனிகளை மருத்துவர்கள் ‘கரோட்டிட்’ என்கிறார்கள். இக்கட்டுரையில் அவற்றைக் கழுத்துத் தமனி என்றே அழைப்போம்.

குரல்வளைக் குருத்தெலும்பின் மேல்விளிம்பு உயரத்தில் ஒவ்வொரு தமனியும் இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை முகத்துக்கும் தலையின் வெளிப்பகுதிக்கும் போகிறது. மற்றொன்று மூளைக்கும் கண்ணுக்கும் போகிறது. உடல் எடையில் மூளையின் பங்கு ஏறத்தாழ 2 விழுக்காடுதான். ஆனால், ஓய்வாக இருக்கும்போதும் இதயம் அனுப்பும் ரத்தத்தில் 15 முதல் 20 விழுக்காடு வரை மூளைக்குத் தேவைப்படுகிறது. அதன் பெரும்பகுதி இந்த இரு தமனிகள் வழியாகவே செல்கிறது.

இந்தக் குழாய் சுருங்கும்போது இரண்டு ஆபத்துகள் உண்டு. ஒன்று, மூளைக்குப் போகும் ரத்தம் குறைவது. மற்றொன்று, அடிக்கடி நிகழ்வது: சுருங்கிய இடத்தில் படிந்த கொழுப்போ உறைந்த ரத்தமோ சிறு துண்டாகப் பிய்ந்து, ரத்தத்தோடு மேலேறி, மூளையின் சின்னக் குழாய் ஒன்றை அடைத்துவிடுவது.

சிங்கப்பூரில் இது யாருக்கான செய்தி?

இந்நாட்டின் புற்றுநோய்ப் பதிவகம் 1968ஆம் ஆண்டு முதல் விவரங்களைச் சேகரித்து வருகிறது. இனவாரியாகப் பார்த்தால் தலை, கழுத்துப் புற்றுநோய்களில் தெளிவான வேறுபாடு தெரியும்.

மூக்கின் பின்பகுதியில் வரும் புற்றுநோய் சீனர்களிடம், அதிலும் தென்சீன வம்சாவளியினரிடம் கூடுதலாகக் காணப்படுகிறது. எப்ஸ்டீன்-பார் என்ற கிருமிக்கும் அதற்கும் தொடர்பு உண்டு. மலாய்க்காரர்களுக்கும் அது வருகிறது. இந்தியர்களிடம் அது குறைவு.

இந்தியர்களிடம் வேறு விதம். புகையிலை, வெற்றிலை, பாக்கு மெல்லும் பழக்கத்தால் வரும் வாய்ப் புற்றுநோய் நம் சமூகத்தில் கூடுதலாக இருந்து வந்துள்ளது. புகையிலை சேர்க்காவிட்டாலும் பாக்கு மட்டுமே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004ல் வெளியிட்ட அறிக்கையில் உறுதிசெய்தது. குட்கா, கைனி, சர்தா போன்ற மெல்லும் புகையிலைப் பொருள்களுக்குச் சிங்கப்பூரில் 2016 ஆகஸ்ட் 1ஆம் தேதி முதல் தடை நடப்பில் உள்ளது. சிராங்கூன் சாலைக் கடைகளில் வெற்றிலைக் கட்டு இன்றும் கிடைக்கிறது. பூசைக்கும் திருமணத் தாம்பூலத்துக்கும் அது நமக்கு வேண்டியதுதான். சாப்பாட்டுக்குப் பின் பாக்குடன் நாள்தோறும் மெல்லும் பழக்கமே வாய்க்குக் கேடு.

புகைபிடிப்பதால் வரும் குரல்வளைப் புற்றுநோய், தொண்டைப் புற்றுநோய், எச்சில் சுரப்பியில் வரும் கட்டி, இளம் வயதில் கழுத்தில் நெறி கட்டி வரும் ஹாட்ஜ்கின் வகைப் புற்றுநோய் ஆகியவற்றுக்கும் கழுத்தில் கதிர் பாய்ச்சப்படுவது உண்டு. இவர்கள் எல்லாருக்கும் இந்தச் செய்தி பொருந்தும்.

ஒரு விளக்கம்: தைராய்டுப் புற்றுநோய்க்குக் கதிரியக்க அயோடினை விழுங்கும் சிகிச்சை வேறு. ‘கீமோ’ எனப்படும் மருந்துச் சிகிச்சை மட்டும் பெற்றவர்களும் இந்தப் பட்டியலில் வரமாட்டார்கள். எக்ஸ்ரே, சிடி ஸ்கேன் எடுத்ததை எண்ணியும் அஞ்ச வேண்டாம். அவற்றின் கதிர் அளவு சிகிச்சைக்கான அளவைவிடப் பல ஆயிரம் மடங்கு குறைவு.

குறி புற்றுநோய், குழாய் ஏன் பாதிக்கப்படுகிறது?

கதிர்வீச்சின் அளவைக் ‘கிரே’ என்ற அலகில் கணக்கிடுகிறார்கள். தலை, கழுத்துப் புற்றுநோயை முழுமையாகக் குணப்படுத்தும் நோக்கில் தரப்படும் வழக்கமான அளவு 66 முதல் 70 கிரே. ஒரே நாளில் அதைத் தருவதில்லை. நாளுக்கு ஏறத்தாழ 2 கிரே என, வாரத்தில் ஐந்து நாள், ஆறரை முதல் ஏழு வாரம் வரை தருகிறார்கள். முகமூடி போன்ற வலைக்குள் தலையை அசையாமல் வைத்து, 33 முதல் 35 தடவை படுத்து எழுந்தவர்களுக்கு அந்த நாள்கள் மறக்காது.

மூக்கிலோ நாக்கிலோ வந்த கட்டிக்குக் கழுத்தில் ஏன் கதிர்? காரணம் நிணநீர் முடிச்சுகள். நாம் நெறி என்று சொல்வது இவற்றைத்தான். தலை, கழுத்துப் புற்றுநோய் முதலில் பரவும் இடம் இந்த முடிச்சுகள். அவை கழுத்துத் தமனியை ஒட்டியே, மேலிருந்து கீழாகச் சங்கிலிபோல் அமைந்துள்ளன. முடிச்சில் ஒளிந்திருக்கும் புற்றுநோய் அணுக்களை அழிக்க வேண்டுமானால், அதன் பக்கத்தில் ஓடும் தமனிமீதும் கதிர் பட்டே தீரும்.

2000ஆம் ஆண்டுகளில் பரவலான ஐஎம்ஆர்டி என்ற முறை, கதிரைப் பல திசைகளிலிருந்து அளந்து வளைத்துப் பாய்ச்ச உதவியது. எச்சில் சுரப்பி, தண்டுவடம் போன்றவற்றை அதனால் முன்பைவிட நன்றாகக் காப்பாற்ற முடிந்தது. தேசியப் புற்றுநோய் நிலையத்தில் 2023 முதல் புரோட்டான் சிகிச்சையும் தரப்படுகிறது. இலக்கைத் தாண்டிக் கதிர் செல்வதை அது பெரிதும் குறைக்கிறது. ஆனால், தமனிக்குப் பக்கத்து முடிச்சுகளே இலக்காக இருக்கும்போது, எந்த நவீனக் கருவியாலும் தமனியை முழுமையாக ஒதுக்கிவிட முடியாது.

குழாய்ச் சுவருக்குள் நடப்பது என்ன?

தமனியின் உட்புறத்தில் ஒரே ஓர் அணு அளவுள்ள மெல்லிய படலம் உள்ளது. ரத்தம் ஒட்டாமலும் உறையாமலும் வழுக்கிக்கொண்டு ஓடுவதற்கு இந்தப் படலமே காரணம். கதிர் பட்டால் முதலில் காயப்படுவது இதுதான். காயம்பட்ட இடத்தில் அழற்சி தொடங்குகிறது. ரத்தத்தில் உள்ள கொழுப்பு அங்கே எளிதாக உள்ளே புகுந்து படிகிறது.

இரண்டாவது பாதிப்பு வெளிப்புறத்தில். கழுத்துத் தமனி போன்ற பெரிய குழாயின் சுவருக்கும் உணவு வேண்டும். அதற்கென்று சுவரின் வெளிப்பக்கத்தில் மிக நுண்ணிய ரத்தக் குழாய்கள் உள்ளன. கதிர் அவற்றை அடைத்துவிடுகிறது. ஊட்டமிழந்த சுவர் தடித்து, தழும்பு ஏறி, இறுகிப்போகிறது.

வயதாலும் நீரிழிவாலும் வரும் சாதாரணச் சுருக்கம் பெரும்பாலும் தமனி இரண்டாகப் பிரியும் இடத்தில், சிறு நீளத்தில் வரும். கதிரால் வரும் சுருக்கம் கதிர் பட்ட நீளம் முழுவதும் வரக்கூடும். பிரியும் இடத்துக்குக் கீழே, வழக்கமாகக் கொழுப்புப் படியாத பகுதியிலும் வரும். கழுத்தின் இருபுறமும் கதிர் பெற்றிருந்தால் இரு பக்கமும் வரலாம்.

இவை ஆண்டுக்கணக்கில் நடப்பவை. சுவர் தடிப்பதை ஸ்கேனில் முதல் சில ஆண்டுகளிலேயே காண முடியும். ஆனால், ரத்த ஓட்டத்தைப் பாதிக்கும் அளவுக்குக் குழாய் சுருங்கப் பல ஆண்டுகள் ஆகும்.

ஆய்வுகள் காட்டும் அளவு

நெதர்லாந்து மருத்துவர்கள் 2002ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இத்துறையில் இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. கழுத்தில் கதிர்வீச்சு பெற்ற, 60 வயதுக்குட்பட்ட 367 பேரை அவர்கள் தொடர்ந்து கவனித்தார்கள். அதே வயதுடைய பொதுமக்களோடு ஒப்பிட்டால் இவர்களுக்குப் பக்கவாதம் வரும் வாய்ப்பு 5.6 மடங்கு இருந்தது. சிகிச்சை முடிந்து 10 ஆண்டுகளைக் கடந்தவர்களிடம் அது ஏறத்தாழ 10 மடங்கானது. சிகிச்சைக்கும் பக்கவாதத்துக்கும் இடைப்பட்ட காலம், நடுத்தரமாக, 11 ஆண்டுகளை நெருங்கியது.

மடங்குக் கணக்கைக் கேட்டால் பயம் வரும். அதே ஆய்வை வேறு விதமாகச் சொல்லலாம். 15 ஆண்டுகளில் 100 பேரில் 12 பேருக்குப் பக்கவாதம் வந்தது. மற்றவர்களுக்கு வரவில்லை. அந்த நோயாளிகள் பழைய கதிர்வீச்சு முறைகளால் சிகிச்சை பெற்றவர்கள் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

முதியோரிடம் வேறுபாடு குறைகிறது. அமெரிக்காவில் 65 வயதைத் தாண்டிய 6,862 தலை, கழுத்துப் புற்றுநோயாளிகளைப் பற்றிய ஆய்வு 2008ல் வெளிவந்தது. கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில் 34 விழுக்காட்டினருக்கு 10 ஆண்டுகளுக்குள் மூளை ரத்தக் குழாய்ப் பாதிப்பு வந்தது. அறுவை சிகிச்சை மட்டும் செய்துகொண்டவர்களில் 26 விழுக்காட்டினருக்கு அது வந்தது. வயதே பெரிய காரணமாகிவிடும் பருவத்தில், கதிர் அதனுடன் இன்னும் கொஞ்சம் சேர்க்கிறது.

சிங்கப்பூரைப் போலவே மூக்கின் பின்பகுதிப் புற்றுநோய் அதிகமுள்ள ஹாங்காங்கில், 2000ஆம் ஆண்டையொட்டி இந்நோயாளிகளின் கழுத்துத் தமனிகளை மருத்துவர்கள் ஸ்கேன் செய்து பார்த்தார்கள். கதிர் பெற்றவர்களிடம் சுருக்கம் தெளிவாகக் கூடுதலாக இருந்தது. ஆண்டுகள் கூடக் கூட அதுவும் கூடியது.

இதைப் படித்துவிட்டு, இப்போது கதிர்வீச்சு பரிந்துரைக்கப்பட்டுள்ள யாரும் அதை மறுத்துவிடக் கூடாது. மூக்கின் பின்பகுதிப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சே முதன்மைச் சிகிச்சை. பத்து ஆண்டு கழித்து வரும் பின்விளைவைப் பற்றிப் பேசுகிறோம் என்றாலே, அந்தப் பத்து ஆண்டு வாழ்க்கையைக் கதிர்தான் தந்தது என்று பொருள்.

‘கரண்ட் வைத்தார்கள்’ என்றால் மருத்துவருக்குப் புரியுமா?

நம் சமூகத்தில் இந்தத் தகவல் தொலைந்துபோவதற்கு மொழியும் ஒரு காரணம்.

தமிழகத்தில் கதிர்வீச்சு சிகிச்சையைக் ‘கரண்ட் வைப்பது’ என்றுதான் பலர் சொல்கிறார்கள். சென்னை அடையாறு புற்றுநோய் நிலையம், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954ல் தொடங்கப்பட்டது. 1957லேயே அங்குக் கோபால்ட் கதிர்வீச்சுக் கருவி நிறுவப்பட்டது. அந்தக் காலம் தொட்டுத் தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்கு இந்தச் சிகிச்சை பழக்கமானதுதான். ஆனால், ‘கதிர்வீச்சு’ என்ற சொல்லைவிடக் ‘கரண்ட்’தான் பேச்சில் நிலைத்துவிட்டது.

தமிழகத்தில் சிகிச்சை பெற்று, பின்னர் பிள்ளைகளுடன் வாழச் சிங்கப்பூர் வந்த ஒரு தாத்தாவை எண்ணிப் பாருங்கள். “அப்போ எனக்குக் கழுத்துல கரண்ட் வச்சாங்க” என்று அவர் சொல்வார். உடன் வந்த பேரப்பிள்ளை அதை ஆங்கிலத்தில் மின்சாரச் சிகிச்சை என்று மொழிபெயர்த்தால், மருத்துவரின் கணினியில் கதிர்வீச்சு என்ற சொல்லே ஏறாது.

சிங்கப்பூர் மருத்துவமனைகளின் தகவல்களைச் சேர்த்து வைக்கும் தேசிய மின்னிலக்கச் சுகாதாரப் பதிவேடு 2011ல் தொடங்கியது. அதற்கு வெகு காலம் முன்பு நடந்த சிகிச்சையும், சென்னையிலோ மதுரையிலோ வேலூரிலோ பெற்ற சிகிச்சையும் தானாக அதில் வந்து சேர்ந்துவிடாது. உள்ளூரில் சிகிச்சை பெற்றவர்களுக்கும், “தொண்டையில் புற்றுநோய், குணமாகிவிட்டது” என்ற ஒரு வரியோடு விவரம் நின்றிருக்கலாம்.

ஆகவே, சொல்ல வேண்டிய ஆங்கிலச் சொல்லை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: ‘ரேடியோதெரபி’. எந்த ஆண்டு, எந்த மருத்துவமனை, கழுத்தின் ஒரு பக்கமா இரு பக்கமுமா, எத்தனை தடவை என்பதையும் சேர்த்துச் சொன்னால் மருத்துவருக்குப் போதும். பழைய சிகிச்சைச் சுருக்க அறிக்கை வீட்டில் இருந்தால் கைப்பேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளலாம்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

எளிய பரிசோதனை டாப்ளர் அல்ட்ராசவுண்ட். கர்ப்பிணிகளுக்கு எடுப்பதைப் போன்ற அதே ஒலி அலை ஸ்கேன்தான். கழுத்தில் களிம்பு தடவி, சிறு கருவியை வைத்து நகர்த்துவார்கள். ஊசி இல்லை, கதிர் இல்லை. குழாய் எவ்வளவு சுருங்கியிருக்கிறது, அந்த இடத்தில் ரத்தம் எவ்வளவு வேகமாகப் பாய்கிறது என்பது திரையில் தெரியும். குறுகிய வாய்க்காலில் தண்ணீர் வேகமெடுப்பதுபோலச் சுருங்கிய குழாயில் ரத்தம் வேகமெடுக்கும்.

கதிர் பெற்ற எல்லாரும் இத்தனை ஆண்டுக்கு ஒருமுறை இந்த ஸ்கேனை எடுத்தே ஆக வேண்டும் என்ற ஒரே விதி உலகெங்கும் இல்லை. கழுத்தில் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டால் சிலரிடம் ‘உஸ்’ என்ற ஒலி வரும். அது வந்தால் ஸ்கேன் தேவை. ஒலி வராததால் மட்டும் சுருக்கம் இல்லை என்று முடிவுகட்ட முடியாது. சிகிச்சை முடிந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தாலோ, நீரிழிவு, உயர் ரத்த அழுத்தம், அதிகக் கொழுப்பு, புகைப்பழக்கம் ஆகியவற்றில் ஏதேனும் இருந்தாலோ, “எனக்குக் கழுத்து டாப்ளர் தேவையா?” என்று மருத்துவரிடம் நேராகவே கேட்கலாம்.

சுருக்கம் இருந்தால் என்ன செய்வார்கள்?

பெரும்பாலோருக்கு முதல் சிகிச்சை மாத்திரைகள்தான். கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேட்டின், ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆஸ்பிரின் போன்ற மருந்து, ரத்த அழுத்தத்துக்கான மருந்து ஆகியவற்றை மருத்துவர் பரிந்துரைப்பார். ஆஸ்பிரின் ரத்தக்கசிவை உண்டாக்கக்கூடியது என்பதால் தாமாகவே வாங்கிச் சாப்பிடக் கூடாது.

சுருக்கம் கடுமையாகி அறிகுறிகளும் வந்துவிட்டால் குழாயைத் திறக்க வேண்டியிருக்கும். கதிர்வீச்சு பெறாத பொதுவான நோயாளிகளிடம் இதன் பலன் 1991ல் வெளியான வட அமெரிக்க ஆய்வு ஒன்றில் உறுதியானது. 70 விழுக்காட்டுக்கு மேல் சுருக்கம் இருந்து, அறிகுறியும் கண்டவர்களில், மருந்து மட்டும் பெற்ற 100 பேரில் 26 பேருக்கு இரண்டு ஆண்டுகளுக்குள் அதே பக்கத்தில் பக்கவாதம் வந்தது. குழாயைத் திறந்து படிவை அகற்றியவர்களில் அது 9 பேராகக் குறைந்தது.

கதிர் பட்ட கழுத்தில் இந்த அறுவை சிகிச்சை கடினம். தோலும் தசையும் தழும்பேறி இறுகியிருக்கும். நரம்புகள் காயப்படும் அபாயம் கூடுதல். புண் ஆறுவதும் தாமதமாகும். அதனால் பலருக்குத் தொடை வழியாகக் கம்பி செலுத்தி, தமனிக்குள் ‘ஸ்டென்ட்’ என்ற வலைக்குழாயைப் பொருத்துகிறார்கள். அதிலும் ஒரு குறை உண்டு: கதிர் பட்ட குழாய் மறுபடியும் சுருங்கும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல். ஆகவே, ஸ்டென்ட் வைத்த பிறகும் ஸ்கேன் தொடரும். யாருக்கு எது பொருத்தம் என்பதை நரம்பியல் மருத்துவரும் ரத்தக் குழாய் நிபுணரும் சேர்ந்து முடிவெடுப்பார்கள்.

சில நிமிடங்களில் மறைந்தாலும் 995

அறிகுறிகளைக் குடும்பத்தில் எல்லாரும் தெரிந்திருக்க வேண்டும். முகத்தின் ஒரு பக்கம் தொங்குதல். ஒரு கை தூக்க முடியாமல் விழுதல். பேச்சு குழறுதல் அல்லது சொல் வராமல் திணறுதல். இவற்றில் ஒன்று திடீரென வந்தாலும் உடனே 995ஐ அழையுங்கள். தொடர்பில் இருப்பவரிடம் ‘ஸ்ட்ரோக்’ என்ற சொல்லைச் சொல்லுங்கள். அறிகுறி தொடங்கிய நேரத்தையும் குறித்து வைத்துச் சொல்லுங்கள்.

கழுத்துத் தமனிச் சுருக்கத்துக்கே உரிய அறிகுறி ஒன்று உண்டு. ஒரு கண்ணில் மட்டும் திரை இறங்கியதுபோல் பார்வை மறைந்து, சில நிமிடங்களில் திரும்பிவிடும். பலர் இதைக் கண் புரை என்றோ கண் களைப்பு என்றோ விட்டுவிடுகிறார்கள். வலப்பக்கத் தமனி சுருங்கினால் வலக்கண் மறையும். ஆனால், இடக்கையும் இடக்காலும் தளரும். மூளையின் ஒரு பாதி உடலின் எதிர்ப்பக்கத்தை இயக்குவதே காரணம்.

பத்து நிமிடத்தில் எல்லாம் சரியாகிவிட்டால், “வெயிலில் அலைந்ததால் மயக்கம்” என்று சுக்குக் காப்பி குடித்துப் படுத்துவிடுவது நம் வீடுகளில் நடப்பதுதான். மருத்துவத்தில் இதைச் சிறு பக்கவாதம் என்பார்கள். பெரிய பக்கவாதம் வரும் ஆபத்து அதை அடுத்த சில நாள்களில்தான் மிக அதிகம். அறிகுறி மறைந்துவிட்டாலும் மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும்.

உறைந்த ரத்தத்தைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் போடுவதே வழக்கம். அடைப்பைக் குழாய் வழியே வெளியே இழுக்கும் சிகிச்சையைத் தகுதியுள்ள சிலருக்கு 24 மணி நேரம் வரை செய்ய முடியும். சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனை வளாகத்திலும், லிட்டில் இந்தியாவிலிருந்து சற்றுத் தொலைவில் டான் டோக் செங் மருத்துவமனை வளாகத்திலும் தேசிய நரம்பியல் கழகம் செயல்படுகிறது. அவ்வளவு பக்கத்தில் உதவி இருந்தும், வீட்டில் காத்திருந்த நேரம்தான் பலருக்கு இழப்பாகிவிடுகிறது.

நம் கையில் இருப்பவை

கதிர் பட்டதை மாற்ற முடியாது. அதனுடன் சேர்ந்து குழாயைக் கெடுக்கும் மற்றவற்றை மாற்றலாம்.

ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு: இம்மூன்றும் கட்டுக்குள் இருக்க வேண்டும். சிங்கப்பூரில் நீரிழிவு விகிதம் அதிகமுள்ள இனங்களில் இந்தியர்களும் அடங்குவர் என்பதால் இது நமக்கு இரட்டிப்பு முக்கியம். இந்நோய்களுக்கான தொடர் சிகிச்சைக்கு மெடிசேவ் சேமிப்பைப் பயன்படுத்தலாம். ‘ஹெல்தியர் எஸ்ஜி’ திட்டத்தில் பதிந்துகொண்ட குடும்ப மருத்துவரிடமே கதிர்வீச்சு விவரத்தையும் பதிவுசெய்யச் சொல்லலாம்.

தைராய்டு: கழுத்தில் கதிர் பெற்றவர்களுக்குத் தைராய்டு சுரப்பி மந்தமாவது மிகச் சாதாரணம். மந்தமான தைராய்டு, ரத்தத்தில் கொழுப்பை ஏற்றும். ஏறிய கொழுப்பு, காயப்பட்ட தமனியில் படியும். ஆறு மாதம் முதல் ஓராண்டுக்கு ஒருமுறை எடுக்கும் எளிய ரத்தப் பரிசோதனை இந்தச் சங்கிலியை அறுத்துவிடும்.

புகையும் பாக்கும்: புகைபிடிப்பது புற்றுநோயைத் திரும்ப அழைக்கும். குழாயையும் சுருக்கும். பாக்கு மெல்வதை அறவே விட வேண்டும்.

தலைசுற்றல்: கழுத்துத் தமனி பிரியும் இடத்தில் ரத்த அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள் உள்ளன. கதிர் அவற்றையும் பாதித்தால் அழுத்தம் திடீரென ஏறும், இறங்கும். எழுந்து நிற்கும்போது கண் இருண்டால் மருத்துவரிடம் சொல்லுங்கள். மாத்திரையைத் தாமாக நிறுத்த வேண்டாம்.

கழுத்துச் சொடுக்கு: முடி வெட்டியதும் தலைக்கு எண்ணெய் தேய்த்து, கழுத்தைப் பிடித்து ஒரு திருப்புத் திருப்பிச் சொடுக்கெடுப்பது நம்மூர் முடிதிருத்தகங்களில் பழகிய சுகம். கழுத்தை வேகமாகத் திருகுவது தமனியின் உட்சுவரைக் கிழித்துவிடலாம். கதிர் பட்டு இறுகிய கழுத்துக்கு அது அறவே வேண்டாம். நாற்காலியில் அமரும்போதே, “கழுத்தைத் தொட வேண்டாம் அண்ணே” என்று சொல்லிவிடுங்கள். தமனிமீது அழுத்தித் தேய்ப்பதும் கூடாது.

அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது

ஒரு தாளில் இவற்றை எழுதிக்கொண்டு போங்கள். எழுத முடியாத பெற்றோருக்குப் பிள்ளைகள் எழுதிக் கொடுக்கலாம்.

ஒன்று, எனக்கு எந்தப் புற்றுநோய், எந்த ஆண்டு, எந்த மருத்துவமனையில் ரேடியோதெரபி நடந்தது.

இரண்டு, கழுத்தில் ஒரு பக்கமா, இரு பக்கமுமா.

மூன்று, கடைசியாகக் கொழுப்பும் தைராய்டும் எப்போது பார்க்கப்பட்டன.

நான்கு, ஒரு கண் மறைந்தது, கை மரத்தது, பேச்சு குழறியது என ஏதாவது, ஒருமுறையாவது நடந்ததா.

ஐந்து, கழுத்து டாப்ளர் எனக்குத் தேவையா.

நோயைப் பற்றி வெளியில் பேசுவதைத் தவிர்க்கும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. மகளின் திருமணப் பேச்சுக்கு இடையூறாகும் என்று அம்மாவின் பழைய புற்றுநோயை மறைத்தவர்களும் உண்டு. ஊராரிடம் சொல்லாமல் இருப்பது அவரவர் விருப்பம். உடனிருக்கும் பிள்ளைகளிடமும் மாதந்தோறும் மாத்திரை எழுதித் தரும் மருத்துவரிடமும் மட்டுமாவது சொல்லிவிடுங்கள். அம்மாவுக்கு ஒரு நாள் சொல் குழறினால், 995ஐ அழைத்து, அவருக்குக் கழுத்தில் ரேடியோதெரபி நடந்திருக்கிறது என்று சொல்ல வேண்டியவர்கள் அவர்கள்தான்.